சொராரிட்டி ரெக்ரூட்மெண்ட்: உங்களைப் பற்றி மிஞ்சும் அந்த ஒரு வரி

அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு சேரப் போகிற நம் பெண்கள் சிலர் ஒவ்வொரு வருடமும் என்னிடம் சொராரிட்டி என்கிற மாணவியர் சங்கங்கள் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களைவிட அவர்களுடைய அம்மாக்கள் அதிகம் கேட்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அலபாமா பல்கலைக்கழக மாணவிகள் ரெக்ரூட்மெண்டுக்கு, அதாவது சொராரிட்டிகள் ஆள் சேர்க்கும் வாரத்துக்கு, அன்றன்றைக்கு என்ன உடுத்தியிருக்கிறோம் என்று டிக்டாக்கில் வீடியோ போட, அது உலகமெங்கும் ஓடியது. அதிலிருந்து பலர் மனதில் ஒரே படம்தான்: பொன்னிறத் தலைமுடி, விலை உயர்ந்த உடை, கை நிறைய வளையல். அதைப் பார்த்தே ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று ஒதுங்கிவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். சரிப்படுமா இல்லையா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்த வீடியோக்களை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

நான் இதில் இரண்டு பக்கமும் இருந்தவள். எங்கள் குடும்பம் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். பள்ளியில் படிக்கும்போது இங்கே வந்து சேர்ந்தேன். மிட்வெஸ்டில் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். முதலாண்டு ஜனவரியில், கொட்டும் பனியில், ஒவ்வொரு சொராரிட்டி வீட்டு வாசலிலும் வரிசையில் நின்றேன். அதற்கடுத்த வருடங்களில் கதவுக்கு உள்ளே நின்று, வருகிற பெண்களை அழைத்துப் போய் உட்காரவைத்துப் பேசினேன். வெளியே நின்றபோது புரியாத பல விஷயங்கள் உள்ளே போன பிறகுதான் புரிந்தன. அவற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் அம்மாக்களுக்காகக் கொஞ்சம். சொராரிட்டி என்பது மாணவிகள் தாங்களே நடத்தும் சங்கம். இதன் தொடக்கம் 1851. ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்ற ஊரில் இருந்த வெஸ்லியன் பெண்கள் கல்லூரியில் சில மாணவிகள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதுதான் பிறகு ஆல்ஃபா டெல்டா பை ஆனது. பெண்கள் கல்லூரிக்குப் போவதே அபூர்வமாக இருந்த காலம் அது. ஒருவருக்கொருவர் துணை வேண்டியிருந்தது. இன்று நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. அந்த அமைப்பு 1902இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு சங்கத்துக்கும் பல கல்லூரிகளில் கிளை உண்டு. கிளையைச் சாப்டர் என்பார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் பல சாப்டர்களுக்குச் சொந்த வீடு இருக்கும். உறுப்பினர்கள் பலர் அதிலேயே தங்கிப் படிப்பார்கள்.

நான் சேரப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் அம்மா கேட்டது இதுதான்: “ஏங்கண்ணு, காசு குடுத்துத்தான் சிநேகிதம் புடிக்கோணுமா?” அப்புறம் ரெக்ரூட்மெண்ட் எப்படி நடக்கும் என்று விளக்கினேன். “பொண்ணு பாக்கற மாதிரியல்ல இருக்குது” என்றார். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே பெண்ணும் வீட்டைப் பார்க்கிறாள், ஒவ்வொரு ரவுண்டிலும் வீடுகளைத் தரவரிசைப்படுத்துகிறாள், அந்த வரிசைக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறது.

நடைமுறை இப்படி: முதல் ரவுண்டில் எல்லா வீடுகளுக்கும் அல்லது பெரும்பாலான வீடுகளுக்கும் போவீர்கள். ஒவ்வொன்றிலும் இருபது முப்பது நிமிடம். அடுத்த ரவுண்டில் அந்தந்தச் சாப்டர் செய்யும் அறப்பணியைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கடுத்து வீட்டைச் சுற்றிக் காட்டி, அங்கே வாழ்க்கை எப்படி என்று சொல்வார்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் வீடுகளின் எண்ணிக்கை குறையும். கடைசியில் பிரிஃபரன்ஸ் ரவுண்டில் பெரும்பாலும் இரண்டு வீடுகள்தான். அதன்பின் நீங்கள் வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போடுவீர்கள், பிட் டே அன்று அழைப்பு வரும். கல்லூரிக்குக் கல்லூரி காலம் மாறும். தென்மாநிலங்களில் ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே முடித்துவிடுவார்கள். எங்களுக்கு ஜனவரி.

ஜனவரியில் நடக்கிற கல்லூரியாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். உங்களைப் பற்றிய முதல் அபிப்பிராயம் முதல் செமஸ்டரிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது, அதில் மார்க்கும் சேர்த்தி. சாப்டர்கள் குறைந்தபட்ச ஜிபிஏ வைத்திருக்கும். அதற்குக் கீழே இருந்தால் எவ்வளவு அருமையாகப் பேசினாலும் பலன் இருக்காது. கலகலப்பாக, புத்திசாலியாக, எல்லோருக்கும் பிடித்துப்போன பெண்களை இந்த ஒரு காரணத்துக்காக விட வேண்டியிருந்ததை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரி, கால்குலஸ், ப்ரோக்ராமிங் என்று எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து மூச்சுத் திணற வேண்டாம். டார்ம் என்கிற விடுதியில், லேபில், பஸ்ஸில் நீங்கள் பேசிப் பழகும் மேல்வகுப்புப் பெண்களில் யாராவது ஒருத்தி ஜனவரியில் கதவைத் திறந்து வரவேற்பவளாக இருக்கக்கூடும். இதற்காக நடிக்க வேண்டியதில்லை. டார்ம் சமையலறையில் அடுத்தவள் பாத்திரத்தைக் கழுவாமல் விடுகிற பெண் யார், கழுவி வைக்கிற பெண் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஒரு வீட்டுக்குள் போனால் ஒரே பெண் கடைசிவரை உங்களோடு பேச மாட்டாள். ஐந்து பத்து நிமிடத்தில் இன்னொருத்தி வந்து பக்கத்தில் உட்காருவாள். முதலாமவள் உங்களை அவளிடம் ஒரு வரியில் அறிமுகம் செய்துவிட்டு எழுந்து போவாள். இதை பம்ப் என்பார்கள். ரெக்ரூட்மெண்டுக்கு முந்தைய வாரம் முழுக்க, யார் எப்போது எழுந்து யாரிடம் விட வேண்டும் என்று நாங்கள் ஒத்திகை பார்ப்போம். அந்த அறிமுக வரியைக் காது கொடுத்துக் கேளுங்கள். இதுவரை நீங்கள் பேசியதில் அவள் மனதில் தங்கியது எது என்பது அதில் அப்படியே தெரிந்துவிடும். “இவ பயாலஜி படிக்கிறா, சிகாகோ பக்கத்துல இருந்து வந்திருக்கா” என்றால் உங்கள் விண்ணப்பத்தில் இருந்ததைத் தாண்டி எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. “இவ ஆஸ்பத்திரியில வாலண்டியரா இருந்தப்ப, இங்கிலீஷ் தெரியாத ஒரு பாட்டியோட பக்கத்துல நாள் முழுக்க உட்கார்ந்திருக்கா, அந்தக் கதையை நீ கேட்டே ஆகணும்” என்றால் அடுத்தவளுக்குப் பேச ஏதோ கிடைத்துவிட்டது. இரவு வரைக்கும் நிற்கப் போவதும் அந்த வரிதான்.

சாப்டருக்குள் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று எப்படி முடிவாகிறது என்பதை வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் அதற்குள் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் பேசிய பெண்களைப் பற்றிக் குறிப்பு எழுதுவோம் என்பது ஊரறிந்த விஷயம். அடுத்த குழுவை வாசலில் பாட்டுப் பாடி வரவேற்கும் முன் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். காலையிலிருந்து மாலைவரை அடுத்தடுத்துப் பேசிக்கொண்டே இருப்போம். மாலையில் முகங்கள் எல்லாம் கலங்கிப் போய்விடும், குறிப்புகள்தான் மிஞ்சும். பிடித்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி எழுத எதுவும் இல்லாமல் போனை வைத்துக்கொண்டு நான் திணறியிருக்கிறேன். ‘நல்ல பெண், சிரித்த முகம்’ என்று எழுதுவேன். அதையேதான் அன்று எத்தனையோ பேருக்கு எழுதியிருப்பேன். அவளுக்காகப் பேச எனக்கு ஆசைதான், கையில் ஒன்றும் இல்லை. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: உங்களுக்காகப் பேசப் போகிறவளுக்கு ஒரு வரி கொடுத்துவிட்டு வாருங்கள்.

அந்த வரியை மனப்பாடம் செய்ய முடியாது, செய்தால் கேட்பவளுக்குத் தெரிந்துவிடும். போவதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து, கடந்த ஓரிரு வருடத்தில் உங்களுக்கு நடந்த மூன்று நான்கு விஷயங்களை நினைத்துப் பாருங்கள். அதில் ஓர் இடம் இருக்க வேண்டும், ஓர் ஆள் இருக்க வேண்டும், ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். விருது வாங்கியதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

எனக்குக் கைகொடுத்தது பொங்கல். ரெக்ரூட்மெண்ட் ஜனவரியில் என்பதால் “லீவு எப்படி இருந்தது?” என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். ‘நன்றாக இருந்தது’ என்பதோடு நிறுத்தாமல், முந்தைய வருடப் பொங்கலைச் சொன்னேன். வீட்டுக்குள் பொங்கல் வைத்தால் புகை அலாரம் அலறும் என்று அப்பா கராஜ் கதவைத் திறந்து, கேம்பிங் அடுப்பில் பானையை ஏற்றினார். வெளியே முழங்கால் அளவு பனி. பால் பொங்கியதும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்த, பக்கத்து வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அணைப்பானோடு ஓடி வந்துவிட்டார். அப்புறம் அவரும் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அவ்வளவுதான் கதை. இரண்டாவது ரவுண்டில் ஒரு வீட்டுக்குப் போனபோது, நான் அதுவரை பார்த்தேயிராத ஒருத்தி கதவருகிலேயே கேட்டாள்: “கராஜ்ல பால் பொங்க வெச்சது நீதானே?” அந்த வீட்டில்தான் கடைசியில் சேர்ந்தேன்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த இடத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், தன்னைப் பற்றித் தானே பேசாதே என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பெரியவர்கள் முன்னால் அது அழகுதான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவள் உங்களைவிட ஒரு வயது மூத்தவள், காலையிலிருந்து பேசித் தொண்டை கட்டியவள். நீங்கள் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால், இவளுக்கு நம் வீட்டில் விருப்பமில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வாள். அடக்கம் என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது. ஒரு வருடம் ஒரு பெண்ணிடம் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டேன். “டான்ஸ் கொஞ்சம் ஆடுவேன்” என்றாள். எத்தனை வருடமாக என்றேன். “சின்ன வயசிலிருந்து” என்றாள், அதோடு நின்றுவிட்டது. அவள் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்தவள் என்பது பல மாதங்கள் கழித்து அவளுடைய ரூம்மேட் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு மூன்று மணிநேரம் தனியாக மேடையில் ஆடிய பெண். அன்று அவள் அதைச் சொல்லியிருந்தால் அந்த அறையே அவள் பக்கம் திரும்பியிருக்கும். இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

‘நான் நல்ல தலைவி, கடின உழைப்பாளி’ என்று சொன்னால்தான் தற்பெருமை. நடந்ததை நடந்தபடி சொல்வதில் தற்பெருமை எதுவும் இல்லை. சலங்கை கட்டிய இடத்தில் தோல் உரிந்தது, கடைசித் தில்லானாவில் மின்சாரம் போனது, அம்மா சைடு விங்கில் நின்று அழுதது என்று சொல்லுங்கள். கேட்பவளே தன் மனதில் முடிவு செய்துகொள்வாள்.

அமைதியான சுபாவம் ஒரு குறையே இல்லை. எனக்கு இன்றுவரை நினைவில் இருக்கும் பெண்களில் ஒருத்தி மிகக் குறைவாகப் பேசியவள். அன்று எனக்குக் குரல் போய்விட்டது. அம்மா அனுப்பிய பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் என் தொண்டையைக் கவனித்துவிட்டு, “நீங்க சும்மா இருங்க, எனக்குக் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம், நானே ஏதாவது சொல்றேன்” என்றாள். தன் தம்பி மீன் தொட்டியைக் கழுவிய கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்த நாள் முழுக்க எனக்கு ஓய்வு கொடுக்க நினைத்தது அவள் ஒருத்திதான். அவளைப் பற்றி எழுத எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பதிலுக்குக் கேள்வி கேளுங்கள். “இங்கே உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?” என்று கேட்காதவர்கள் கிடையாது, அதற்கு எங்களிடம் தயாரான பதிலும் உண்டு. “போன வாரம் இந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து எதற்குச் சிரித்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “சேர்ந்த முதல் மாதத்தில் எது கஷ்டமாக இருந்தது?” என்று கேளுங்கள். “ஒருத்திக்குப் பரீட்சை சரியாக வரவில்லை என்றால் இங்கே என்ன நடக்கும்?” என்றும் கேட்கலாம். உண்மையான பதில் வருகிறதா, சிரித்து மழுப்புகிறார்களா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அறப்பணி ரவுண்டுக்குப் போகும் முன் அந்தச் சாப்டர் எதற்காக உழைக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். டெல்டா காமா பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக, டிரை டெல்டா செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனைக்காக, ஸீட்டா டவ் ஆல்ஃபா மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி உண்டு. உங்கள் வாழ்க்கையில் அதைத் தொடும் விஷயம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். இல்லாததை இருப்பதாகச் சொல்ல வேண்டாம்.

தவிர்க்க வேண்டிய பேச்சு என்று ஒரு மரபு உண்டு: ஆண் நண்பர்கள், மது, மதம், அரசியல், பணம். பொங்கலைப் பற்றிச் சொல்வது மதப் பேச்சாகிவிடுமோ என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். ஆகாது. வீட்டில் என்ன கொண்டாடினோம் என்பது வேறு, எந்த மதம் சரி என்று வாதாடுவது வேறு. இவற்றையெல்லாம்விட முக்கியமாக, ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு வீட்டைக் குறைத்துப் பேசாதீர்கள். வரிசையில் நிற்கும்போதும் பேசாதீர்கள். வரிசையைக் கவனித்துக்கொள்ளும் ஆலோசகர்கள் எல்லோருமே ஏதோ ஒரு சொராரிட்டி உறுப்பினர்கள். பல கல்லூரிகளில் அந்த நாட்களில் மட்டும் எந்த வீடு என்று வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் ரவுண்டுக்குப் பெரும்பாலும் ஒரு டி-ஷர்ட் அவர்களே கொடுத்துவிடுவார்கள், கீழே ஜீன்ஸ் போதும். ரவுண்டுக்கு ரவுண்டு கொஞ்சம் கொஞ்சமாக நேர்த்தி கூடும், பிரிஃபரன்ஸுக்குத்தான் விசேஷ உடை. ஜனவரி என்றால் பனி பூட்ஸில் போய், வாசலருகே செருப்பு மாற்றிக்கொள்ளுங்கள். கோட்டும் பையும் போனும் உள்ளே வேண்டாம். புது உடைக்குச் செலவு செய்வதைவிட வசதியான செருப்புக்குச் செலவு செய்யலாம். நான் ஒவ்வொரு ரவுண்டிலும் எங்கள் அம்மாயி கொடுத்த ஜிமிக்கியைத்தான் போட்டிருந்தேன். அதைப் பார்த்துப் பேச்சை ஆரம்பித்தவர்கள் அநேகம் பேர். பெயரைச் சுருக்கி அவர்களுக்கு வசதியாக ஆக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. வீட்டில் அழைக்கிற மாதிரி, நிதானமாக இரண்டு தடவை சொல்லுங்கள். திரும்பச் சொல்ல முயற்சி செய்கிறாளா என்று பாருங்கள்.

அந்த முயற்சியைக் கவனிப்பது உங்கள் வேலை. நிறத்தைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். 2013இல் அலபாமா பல்கலைக்கழகத்தில், தகுதியுள்ள கறுப்பின மாணவிகளைச் சொராரிட்டிகள் ஒதுக்கியதை மாணவர் செய்தித்தாளான கிரிம்சன் ஒயிட் வெளியிட்டது. பழைய உறுப்பினர்களின் அழுத்தம் அதன் பின்னால் இருந்தது என்று சில சாப்டர்களின் மாணவிகளே சொன்னார்கள். அதன்பின் பல்கலைக்கழகம் தலையிட்டு மாற்றம் தொடங்கியது. 1913 இல்லை, 2013. நிலைமை மாறியிருக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு மாறிவிடவில்லை. நான் போன ஒரு வீட்டில் என்னோடு பேசியவள் நான் ‘உண்மையில்’ எந்த ஊர் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. என் தோளுக்கு மேலாக அடுத்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு அந்த வீட்டைப் பட்டியலின் கடைசியில் போட்டேன். இப்படிப்பட்ட இடத்தில் இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாமோ என்று யோசித்து உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். நல்ல பெயர் எடுக்க வேண்டியது அவர்களும்தான்.

காலையில் எந்தெந்த வீடு திரும்ப அழைத்திருக்கிறது என்ற பட்டியல் வரும். பிடித்த வீடு அதில் இல்லாமல் போவதுதான் இந்த வாரத்தின் பெரிய வலி. அழுவார்கள், அம்மாவுக்குப் போன் செய்வார்கள். அதன் பின்னால் ஒரு கணக்கு இருப்பது தெரிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எந்தச் சாப்டர் எத்தனை பேரை அடுத்த ரவுண்டுக்கு அழைக்கலாம் என்பதைச் சாப்டர் தானாக முடிவு செய்வதில்லை. முந்தைய வருடங்களில் அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை வைத்து அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். எல்லோரும் விரும்பும் வீட்டுக்கு அந்த எண் சிறியது. அதனால் முதல் ரவுண்டு முடிந்ததுமே ஏராளமான பெண்களை அது விட்டாக வேண்டும், ஒரே ஒரு சிறு உரையாடலை வைத்து. எங்களுக்குப் பிடித்த பெண்களையே விட்டிருக்கிறோம், எண் அவ்வளவுதான் என்பதால். மகளிடமிருந்து அந்தப் போன் வந்தால், “நீ என்ன தப்பாப் பேசினே?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். “மிச்சம் எந்த வீடு இருக்கு, அங்க யாரைப் பிடிச்சிருந்துச்சு?” என்று கேளுங்கள்.

மிச்சமிருக்கும் வீடுகளுக்கு முழு மனதோடு போவதும் முக்கியம். ஏமாற்றத்தோடு வருகிற பெண்ணை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். இன்னொன்று, கடைசியில் ஒரே ஒரு வீட்டை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடும் பழக்கம் உண்டு. அந்த ஒன்று கிடைக்காவிட்டால் எதுவுமே இல்லாமல் போகும். உங்களால் வாழ முடியும் என்று தோன்றுகிற எல்லா வீடுகளையும் எழுதுங்கள். முறையான ரெக்ரூட்மெண்டில் கிடைக்காவிட்டாலும், இடம் மிச்சமுள்ள சாப்டர்கள் பிறகு ஆரவாரமில்லாமல் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும். என் நெருங்கிய தோழிகளில் ஒருத்தி அப்படி வந்தவள்தான்.

பிரிஃபரன்ஸ் ரவுண்டில் சத்தம் இருக்காது. ஒருத்தியே கடைசிவரை உங்களோடு உட்கார்ந்திருப்பாள். தன் வீட்டைப் பற்றி மனம்விட்டுப் பேசுவாள், சில சமயம் கண் கலங்குவாள். அங்கே அசத்த முயற்சி செய்ய வேண்டாம். இந்த வீட்டில் சேர நினைத்தால் ஏன் என்று நேராகச் சொல்லுங்கள், குறிப்பாக யார் சொன்ன எந்த வார்த்தை உங்களை இங்கே திரும்ப வரவைத்தது என்று. தயக்கம் இருந்தால் அதையும் கேட்டுவிடலாம். நான் செலவைப் பற்றி அங்கேதான் கேட்டேன். என்னோடு இருந்தவள் தானும் வேலை பார்த்துத்தான் கட்டுகிறேன் என்று மாதத் தவணை விவரத்தைச் சொன்னாள்.

இதுவரை சொன்னதெல்லாம் பான்ஹெலனிக் சங்கங்களுக்கு. நம் பெண்களுக்கு வேறு கதவுகளும் உண்டு. தெற்காசியப் பெண்களை மையமாக வைத்து 1998இல் மட்டும் மூன்று சொராரிட்டிகள் தொடங்கின: ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் சிக்மா சிக்மா ரோ. கறுப்பின மாணவிகள் 1908இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. ஹாவர்டில் படித்த கமலா ஹாரிஸ் அதன் உறுப்பினர். இந்தச் சங்கங்களில் வீடு வீடாக ஏறி இறங்கும் வாரம் கிடையாது. அறிமுகக் கூட்டத்துக்குப் போக வேண்டும், அவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்குத் தொடர்ந்து போய் உதவ வேண்டும், சங்கத்தின் வரலாற்றைப் படித்திருக்க வேண்டும். கறுப்பினச் சங்கங்களில் இன்னொரு மரியாதையும் உண்டு: சேர விரும்புவதை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது, உரியவரிடம் அடக்கமாகத் தெரிவிக்க வேண்டும். இங்கே நல்ல பெயர் மெதுவாக, மாதக்கணக்கில் வரும். ஒரே நாளில் பத்துப் பேரிடம் பேசுவது உங்களுக்கு ஒத்துவராது என்றால் இது உங்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

கடைசியாக, பணமும் பாதுகாப்பும். கட்டணம் சாப்டருக்குச் சாப்டர் பெரிதும் மாறும். வீட்டில் தங்குவதும் சாப்பாடும் சேர்ந்தால் வருடத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். முதல் வருடத்தில் நுழைவுக் கட்டணம், பேட்ஜ் என்று கூடுதலாக வரும். பல கல்லூரிகளின் பான்ஹெலனிக் இணையப் பக்கத்தில் சாப்டர்வாரியாகத் தொகை போட்டிருப்பார்கள். ரெக்ரூட்மெண்ட் தொடங்கும் முன்பே அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, எவ்வளவு வரை முடியும் என்று பேசிவிடுங்கள். புதியவர்களைத் துன்புறுத்தும் பழக்கம் பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதமாக இருந்தும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. 2024 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, எந்த அமைப்பு இந்த விதியை மீறியது என்பதைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட்டாக வேண்டும். உங்கள் கல்லூரியின் அறிக்கையை எடுத்து, உங்கள் பட்டியலில் உள்ள பெயர்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரிஃபரன்ஸ் முடிந்து போடும் கையெழுத்து உங்களைக் கட்டுப்படுத்தும். நீங்கள் எழுதிய ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்து அதை மறுத்துவிட்டால், அடுத்த ஆண்டு ரெக்ரூட்மெண்ட் வரும்வரை அந்தக் கல்லூரியில் வேறு பான்ஹெலனிக் சங்கத்தில் சேர முடியாது. அதனால் மனதுக்கு ஒப்பாத வீட்டின் பெயரை மரியாதைக்காகக்கூட எழுத வேண்டாம்.